அப்பாவும் ஆகாயத்து ஆம்னி பஸ்ஸும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, சட்டம் படிப்பவனிடம் செக்ஷனைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அவர் விடுகிற வழியாக இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கையே எழுதிவிடத் துணிந்தேன். வாதி என் தந்தையார். பிரதிவாதி அமெரிக்க அரசாங்கம்.

தந்தையார் அரசாங்க பஸ்ஸில் முப்பது ஆண்டுகள் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இவ்வுலகில் ஜன்மப் பகை ஒன்று உண்டு. அது ஆம்னி பஸ். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே இரவில் பறக்கும் அந்த வண்டிகளுக்கு உள்ளது 'காண்ட்ராக்ட் கேரியேஜ்' பெர்மிட். கல்யாணக் கோஷ்டியோ யாத்திரைக் கோஷ்டியோ வண்டியை மொத்தமாக அமர்த்திக்கொண்டு போய்வரலாம். தலைக்கு ஒரு டிக்கெட் கொடுத்து, வழியெல்லாம் ஆளை ஏற்றி இறக்கிச் செல்வது ரூட் பஸ்ஸின் உரிமை. "கல்யாணத்துக்குன்னு பெர்மிட் வாங்கிட்டு எங்க ரூட்டுல டிக்கெட் போடுறான் பாரு!" என்பது அவருடைய நித்திய பாராயணம். ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் நான் ஆம்னி பஸ்ஸில் வந்திறங்கிய நாட்களில், பகல் பன்னிரண்டு மணி வரை அவர் என்னோடு பேசமாட்டார்.

இனி 2020ஆம் ஆண்டுக்கு வருகிறேன். கொரோனா பரவியதால் மார்ச்சு மாதம் 23ஆம் தேதியிலிருந்து நம் நாட்டுக்கு வந்துபோகும் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் அனைத்தும் நின்றுவிட்டன. அக்கா அப்போது நியூஜெர்சியில் இருந்தாள். மே மாதக் கடைசியில் அவளுக்கு வேலை போயிற்று. அந்த விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். அந்தச் சமயத்தில் வேலைக்கு எங்கே போவது? நம் அரசாங்கம் மே 7 முதல் 'வந்தே பாரத்' என்ற பெயரில் ஏர் இந்தியா விமானங்களை அனுப்பி மக்களை அழைத்து வந்துகொண்டிருந்தது. அக்கா பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அம்மா நாளை அடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 22ஆம் தேதி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஓர் உத்தரவு போட்டது. ஏர் இந்தியா தன் சார்ட்டர் விமானம் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தங்களிடம் அனுமதி பெறவேண்டும். முப்பது நாளில் இது அமலுக்கு வரும் என்றது அது. ஜூலை 22 என்று கணக்கிட்டோம். அக்காவின் தவணை முடிவதும் ஜூலைக் கடைசி.

"அவன் ஊர்லயும் இருக்கக் கூடாதாம், நம்ம பிளேனும் வந்து கூட்டிட்டு வரக் கூடாதாம். இதென்னடா நியாயம்?" என்று தந்தையார் எழுந்து நின்று கத்தினார். நானும் கொதித்தேன். அமெரிக்காவைத் திட்டி முகநூலில் ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு விழுந்த பாராட்டை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், டில்லிக்கு வந்து வான்சட்டம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த உத்தரவின் காரணங்களைத் தேடிப் படித்தேன். 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை, விமானப் போக்குவரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கால அட்டவணைப்படி ஓடும் விமானம், அந்தந்த நாட்டின் அனுமதியின்றி உள்ளே வரவே கூடாது. அட்டவணையில் சேராத விமானத்துக்கு ஐந்தாவது விதி சற்றுத் தாராளம் காட்டுகிறது. ஆனால் ஆளை ஏற்றி இறக்குவதென்றால் அந்நாடு நிபந்தனை போடலாம். அட்டவணை விமானங்களின் கதையை நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து ஒப்பந்தம் பேசித் தீர்த்துக்கொள்கின்றன. நமக்கும் அமெரிக்காவுக்கும் 2005 ஏப்ரலில் அப்படியோர் ஒப்பந்தம் ஆயிற்று. இரு நாட்டுக் கம்பெனிகளும் விருப்பம்போலப் பறக்கலாம் என்பது அதன் சாரம்.

சரி, 2020இல் என்ன நடந்தது? அட்டவணை விமானங்களை நாம் நிறுத்தினோம். சார்ட்டர் என்ற பெயரில் ஏர் இந்தியா மட்டும் போய்வந்தது. அது இலவச மீட்பும் அல்ல. அமெரிக்காவிலிருந்து வர ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் என்று அரசாங்கமே மே மாதத் தொடக்கத்தில் அறிவித்திருந்தது. போகும் விமானத்திலும் வரும் விமானத்திலும் டிக்கெட் விற்றார்கள். கொரோனாவுக்கு முன் ஓடியதில் பாதிக்கு மேல் ஏர் இந்தியா ஓட்டுகிறது என்று உத்தரவு கணக்குச் சொல்லிற்று. டெல்டா கம்பெனி தானும் இப்படி ஓட்டலாமா என்று மே மாதம் கேட்டெழுதியதற்கு அனுமதி வரவில்லை. ஏர் இந்தியா அப்போது அரசாங்கத்தின் சொத்து. 2022 ஜனவரியில்தான் டாட்டாவின் கைக்குப் போயிற்று. கதவை மூடியவரும் மூடிய கதவுக்குள் கடை நடத்தியவரும் ஒருவரே என்றால், வெளியே நிற்பவன் முணுமுணுக்கத்தானே செய்வான்?

அமெரிக்கா தர்மபுத்திரன் என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஜூனில் சீன விமானங்களைத் தடுக்கப்போவதாகவும் அது உத்தரவிட்டிருந்தது. தன் கம்பெனிகளுக்கு வழி பிறந்தால் போதும் என்பதே அதன் நோக்கம். இரண்டு அரசாங்கங்களும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாதம் அக்கா சரியாகத் தூங்கவில்லை என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஜூலை 16ஆம் தேதி நம் விமானப் போக்குவரத்து அமைச்சர், அமெரிக்காவுடன் 'ஏர் பபிள்' ஏற்பாடு ஆகிவிட்டதென்று அறிவித்தார். இரு நாட்டு விமானங்களும் ஓடலாம். அமெரிக்காவின் தடையும் விலகிற்று. மாதக் கடைசியில், தவணைக்கு இரண்டு நாள் மிச்சமிருக்க, அக்கா நியூவர்க்கில் ஒரு அமெரிக்க விமானத்தில் ஏறி டில்லியில் இறங்கினாள். ஏழு நாள் சொந்தச் செலவில் ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்து பிறகு மதுரை வந்து சேர்ந்தாள்.

சென்ற கோடை விடுமுறையில் இதையெல்லாம் தந்தையாரிடம் விளக்கினேன். திண்ணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அட்டவணை விமானம் ரூட் பஸ் என்றேன். சார்ட்டர் கல்யாண வண்டி என்றேன். டிக்கெட் விற்ற கட்டம் வந்ததும் மெல்ல நிமிர்ந்தார்.

"அப்ப... நம்ம பிளேன்தான் ஆம்னியா?"

"அவர்கள் கட்சி அதுதான் அப்பா."

வெகு நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காதான் வாயைத் திறந்தாள். "நான் எந்த பெர்மிட்டுன்னு கேக்கலப்பா. சீட் இருக்கான்னுதான் கேட்டேன்."

அடுத்த வாரம் நான் டில்லி ரயிலைப் பிடிக்கச் சென்னைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அரசாங்க பஸ்ஸில் இடமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணி வரை தந்தையாரே கூட வந்தார். ஆம்னி பஸ்ஸின் படியில் நான் கால் வைத்தபோது, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்க" என்றார்.