கல்மரத்து ஊரில் கைவைத்தியம்

திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். திந்திரிணி என்றால் புளி. அந்தப் புளியங்காட்டு ஊரிலிருந்து மயிலம் வழியாகப் போனால் திருவக்கரை. புளிய மரத்தை எதற்காக முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தக் கட்டுரை முழுக்க அது வந்துகொண்டே இருக்கப்போகிறது.

திருவக்கரை என்றதும் நம் பெண்களுக்கு ஞாபகம் வருவது வக்கிரகாளியம்மன்தான். பௌர்ணமி இரவில் ஜோதி தரிசனம் பார்க்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். ஆனால் ஸ்தலத்தின் மூலவர் சந்திரமௌலீஸ்வரர். திருஞானசம்பந்தர் பாடிய பழைய கோயில். லிங்கத்திலேயே மூன்று முகங்கள் செதுக்கப்பட்டிருக்கும்; இப்படி லிங்கம் பார்ப்பது அபூர்வம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. பக்கத்தில் வராக நதி. சங்கராபரணி என்றும் அதைச் சொல்வார்கள்.

பௌர்ணமிக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. காலையிலிருந்து சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வரிசையில் நிற்கிறார்கள். நடுராத்திரி தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறவர்களை நான் பார்க்காத பௌர்ணமி இல்லை. விரதம் இருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோரோ, வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் சேர்த்த பானகமோ கையில் இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பானகத்தை விட்டு மோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் பட்டினி விரதமே கூடாது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கோயிலிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் கல்மரப் பூங்கா. வந்தவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். மொத்தம் 247 ஏக்கர் பரப்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மரங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அறுத்துப் போட்ட அடிமரம் மாதிரிதான் இருக்கும். பட்டையின் சுருக்கம், கணு, வயிரம், உள்ளே வளையம் எல்லாம் அப்படியே தெரியும். கை வைத்தால் சில்லென்று கல்! 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள துண்டுகள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் இவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள். மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து படிந்து, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. இந்த சிலிகா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்மரங்களில் புளிய மரத்துக்குச் சொந்தமானவையும் உண்டு, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. நாம் இன்றைக்குச் சுளுக்குக்குப் புளிப்பற்றுப் போடுகிறோம், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவுகிறோம். இரண்டு மரமும் நமக்கு எத்தனை பழைய உறவு பாருங்களேன். கூடவே ஒன்று: பிள்ளைகள் ஆசையாகச் சில்லு பொறுக்கிப் பையில் போடுவார்கள். விடாதீர்கள். எடுத்துப் போவது குற்றம்.

என் ஓரகத்தி இந்தப் பக்கத்துக் கிராமத்தில்தான் குடியிருக்கிறாள். கோயில் பிரகாரத்தில் சுடுகல்லில் வெறுங்காலோடு சுற்றி, பூங்காவில் சரளை மண்ணில் நடந்து, அவள் வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தால், "கால நீட்டிக் குந்துக்கா" என்று சொல்லிவிட்டு அகலமான அலுமினிய டப்பாவில் தண்ணீர் கொண்டுவருவாள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பத்து நிமிஷம் காலை வைத்திருந்து, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவினால் போதும். வெடிப்புக்கும் இதுவேதான். பணம் கொடுத்து வாங்குகிற எந்தக் களிம்பையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் நீண்ட நாள் சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது. அவர்கள் சுடுதண்ணீரைத் தொடவே வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு வைத்தியம்.

கால் பிசகிவிட்டால் முதல் நாள் ஈரத்துணி, குளிர்ந்த தண்ணீர். தேய்க்கக் கூடாது. மறுநாள் வீக்கம் மட்டுப்பட்ட பிறகு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டுக் கூழ் போலக் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் பற்றுப் போடுவார்கள். புளிய இலையை வேகவைத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் உண்டு. இதமாக இருக்கும். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் பற்று வேண்டாம், எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

விழுப்புரம் ஜில்லா பனைமரங்களுக்குப் பேர்போனது. சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்டினால் உள்ளே இருக்கிற நீரைப் பிள்ளைகளின் வேர்க்குரு மேல் தடவிவிடுவாள் ஓரகத்தி. மேல்தோலோடு தேய்த்தால் இன்னும் நல்லது என்பாள். பவுடர் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அந்த சிலிகா விஷயத்துக்கு வருகிறேன். திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் நிறைய. லாரி போனால் வெள்ளையாகத் தூசி எழும்பும். ஓரகத்தி வீட்டில் கொடியில் துணி காயப்போட்டால் மாலையில் உதறித்தான் எடுக்கவேண்டும். அவள் தன் பங்குக்குச் செய்வதெல்லாம் சரியான காரியங்கள்தான். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறாள். குடத்துக்கும் சோற்றுப் பானைக்கும் மூடி. வெளியே போய்வந்தால் முகம் கழுவி, வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளிப்பு. கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் அலம்புவது. எண்ணெயோ தாய்ப்பாலோ விடுகிற பழக்கத்தை அவள் வீட்டில் ஒழித்துவிட்டாள். மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார்கள், பெரியவர்கள் மட்டும். கொதிக்கிற பானையில் குழந்தையைக் கவிழ்த்து உட்கார வைத்தால் சளி போவதற்குள் உடம்பு வெந்துவிடும்.

இதெல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற தூசிக்கு. நுரையீரலுக்குள் போய்விட்ட தூசிக்கு?

பக்கத்து வீட்டு அம்மா பல வருஷமாகக் கிரஷர் வேலைக்குப் போனவர். தினம் வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் தின்பார். "வெல்லம் துன்னா தூசி எறங்கிப்பூடும்மா" என்பார். அந்தப் பக்கம் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. சிலர் வாழைப்பழம் என்பார்கள். நான் பார்த்தபோது அவருக்கு இரண்டு மாசமாக இருமல். தூதுவளை ரசம், மிளகுக் கஷாயம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் ஆகிவிட்டது. சாயந்திரமானால் லேசாகக் காய்ச்சல். புடவை இடுப்பில் நிற்காத அளவு இளைத்திருந்தார்.

நாம் தின்கிறது இரைப்பைக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. வெல்லம் நாக்குக்கு இதம், அவ்வளவுதான். கருங்கல்லை உடைக்கும்போது பறக்கிற தூசியிலும் இருப்பது அதே சிலிகா. கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத பொடித் தூசிதான் உள்ளே அடிவரைக்கும் போய்த் தங்குகிறது. நாளாவட்டத்தில் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது. சிலிகோசிஸ் என்று பெயர். வந்துவிட்டால் பழையபடி ஆக்குவதற்கு மருந்து கிடையாது. முந்தானையால் மூக்கைப் பொத்துவது அந்தப் பொடியைத் தடுக்காது. கல் உடைகிற இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சித் தூசியை அமுக்கவேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு என்-95 போன்ற முகக்கவசம் கொடுக்கவேண்டும். இது முதலாளி செய்யவேண்டிய காரியம். வேலைக்காரப் பெண்ணின் அஞ்சறைப்பெட்டியில் இதற்கு வழியில்லை.

சிலிகா தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் அந்த அம்மாவின் வீட்டுப் படியேறி, "வைத்தியத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல, சளிய மட்டும் குடுத்துட்டு வந்துடலாம் வாம்மா" என்று நயமாகப் பேசி அழைத்துப் போனாள். அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. நுரையீரலில் தூசியின் அடையாளமும் இருப்பதாக டாக்டர் சொன்னாராம்.

ஆறு மாச மாத்திரை, இலவசம். சாப்பாட்டுச் செலவுக்கு அரசாங்கம் மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன்னால் 500 ரூபாயாக இருந்தது. அதில் முட்டையும் பயறும் வாங்குகிறார். தூதுவளை ரசத்தை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், மாத்திரையோடு அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருக்கிறார். மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று ஓரகத்தி சுவரில் காலண்டர் மாட்டி, விழுங்கினதும் கோடு போட வைத்திருக்கிறாள்.

நான் கடைசியாகப் போனபோது நான்கு மாசக் கோடு விழுந்திருந்தது. காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறதாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அது அப்படியேதான் இருக்கும் போலிருக்கிறது. கிரஷருக்குப் போவதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயில் வாசலில் எலுமிச்சம்பழ மாலை கட்டி விற்கிறார். என்னிடமும் ஒரு மாலைக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.