சலேத் மாதாவின் குறடு

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது ‘அடுக்கம்’ என்ற சொல் வந்தால், ‘மலைச்சரிவு’ என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்வது தமிழாசிரியர்களாகிய எங்கள் வழக்கம். எங்கள் குடும்பத்திற்கோ அது அவ்வளவு எளிதில் கடந்துவிடக்கூடிய சொல்லன்று. பெருமாள்மலைக்கும் கும்பக்கரைக்கும் இடையில், பழனிமலைச் சரிவில் இருக்கிற அடுக்கம் எங்கள் அம்மா பிறந்த ஊர். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற மண். பெருமழை பெய்தால் அந்த மண்ணே சரிந்து சாலையை மூடிவிடும். அம்மாவின் இளமையில் தோட்டங்களிலிருந்து மூட்டை இறக்கியவை குதிரைகள். அக்குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன்.

அவரை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் மூவரும் பிறப்பதற்கு முன்பே, 1975இல், இருபது வயதில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அடக்கத்தைப் பற்றி மட்டும் அம்மா சொல்லியிருக்கிறார். உபதேசியார் வாசல்வரை வந்து திரும்பிப் போனார். சாமி வரவேயில்லை. மந்திரிப்பு இல்லை, பூசை இல்லை, கோயில் மணியும் இல்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஈச்சம் புதருக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை அது மறுத்தது. அந்தச் சட்டத்திலும் ‘தெளிந்த மனத்தோடு செய்திருந்தால்’ என்றொரு நிபந்தனை உண்டு. மாமாவின் மனம் அன்று தெளிந்திருந்ததா என்று மலையில் எவரும் விசாரிக்கவில்லை.

அதன்பிறகு ஆண்டுதோறும் ஆகஸ்டில் கொடைக்கானல் சலேத் மாதா திருவிழாவுக்கு அம்மா போகத் தொடங்கினார். நாங்கள் பிறந்தபின் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு அது வாணவேடிக்கையும் பேரிக்காயும். அவருக்கு அது வேறு காரியம் என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கோயில் 1866இல் எழுந்தது. கட்டியவர் செயின்ட் சிர் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குரு. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன், 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்னும் ஊருக்கு மேலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். ஐந்தாண்டு விசாரணைக்குப் பின் கிரெனோபிள் ஆயர் அதை ஏற்றார். மலையில் அழுத மாதாவுக்கு இன்னொரு மலையில் கோயில் கட்டத் தோன்றியது அந்தக் குருவின் நல்ல மனம் என்றே எங்களுக்குப் படுகிறது.

அந்த நிகழ்ச்சியில் தமிழாசிரியர்களை நிற்க வைக்கும் இடம் ஒன்றுண்டு. அழுத பெண் முதலில் பிரெஞ்சு மொழியில் பேசினாள். உருளைக்கிழங்கு அழுகிப் போவதைப் பற்றிச் சொன்னபோது மெலனிக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவ்வட்டாரத்துப் பேச்சுமொழி மட்டுமே. விளங்கவில்லையா, வேறுவிதமாகச் சொல்கிறேன் என்று அவள் அவர்கள் பேச்சுக்கு மாறிக்கொண்டாள். உருளைக்கிழங்கு விளையும் எங்கள் மலையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் சலேத் செய்தி மென்மையானதன்று. மகனின் கை கனக்கிறது, இனித் தன்னால் தாங்க முடியாது என்கிறாள் தாய். தண்டிக்க வரும் மகன், தடுத்து நிற்கும் தாய். வைணவத்தில் தாயாரின் புருஷகாரம் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. அப்பாவிடம் கேட்க அஞ்சியதை அம்மா மூலம் கேட்டு வாங்கிய எவருக்கும் தோன்றாது. எனினும், மகனைக் காட்டிலும் தாய்க்கு இரக்கம் மிகுதி என்று நினைக்க இடங்கொடுக்கும் பக்தியில் ஒரு குறை இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

அந்தக் குறையை நிரப்பியது போல் வந்தது இறை இரக்கப் பக்தி. போலந்து நாட்டுக் கன்னியர் பவுஸ்தினா 1938இல் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். இரக்கமே கடவுளின் முதன்மைப் பண்பு என்று அவர் எழுதிவைத்தார். அவர் பரப்பிய வடிவில் அந்தப் பக்தியை 1959இல் உரோமை தடைசெய்தது. 1978இல்தான் தடை நீங்கியது. இரக்கத்திற்கே பத்தொன்பது ஆண்டுகள் தடை! எங்கள் மாமா இறந்தது அந்த ஆண்டுகளுக்குள்தான். 2000 ஏப்ரல் 30 அன்று இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக உயர்த்தியபின் அந்தப் படம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. இதயத்திலிருந்து வெள்ளையும் சிவப்புமாக இரு கதிர்கள் பாயும் இயேசு. அழுகிற சலேத் மாதாவுக்குப் பக்கத்திலேயே அம்மா அதை மாட்டினார். பிற்பகல் மூன்று மணிக்கு, மாதாவின் செபமாலை மணிகளிலேயே, இறை இரக்கச் செபமாலையையும் சொன்னார். இறையியல் முரண் என்று நாங்கள் கருதியதை ஒரே மாலையில் கோத்துவிட்டார்.

‘இரங்கு’ என்பதற்கு அழு என்றும் பொருள், அருள்செய் என்றும் பொருள். நெய்தல் திணையின் உரிப்பொருளான இரங்கலும் இரக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை. இதை நாங்கள் ஒருமுறை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னோம். “அழுவாம எப்பிடி எரங்குறது?” என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

2006 என்று நினைவு. பங்குக்கு வந்திருந்த இளம் சாமியிடம் அம்மா தம்பியின் கதையைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை என்றார். தம் உயிரை முடித்துக்கொண்டோரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992இல் வந்த மறைக்கல்வி நூல் சொல்வதையும் எடுத்துக் காட்டினார். பிறகு ஆர்ஸ் ஊர்க் குரு வியான்னியைப் பற்றி வழங்கும் ஒரு கதையைச் சொன்னார். ஆற்றில் குதித்து இறந்த கணவனுக்காக ஒரு பெண் மனம் உடைந்து வந்தாள். பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் அவனுக்கு மனம் வருந்த நேரம் கிடைத்தது, மே மாதத்தில் அவன் மாதாவுக்கு வைத்த பூவை மாதா மறக்கவில்லை என்று வியான்னி அவளைத் தேற்றினாராம்.

அம்மாவின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தோம். அது இன்னும் வாடியது.

“எந்தம்பி பூவெல்லாம் வெச்சதில்ல சாமி. கோயிலுக்கே ஒழுங்கா வரமாட்டான். லாடம் அடிக்கத்தான் தெரியும் அவனுக்கு.”

சாமி பேசவில்லை. அம்மா பணப்பையிலிருந்து சலேத் மாதாவின் சிறு படத்தை எடுத்தார். மாதாவின் மார்பில் ஒரு சிலுவை. அதன் ஒருபுறம் சுத்தியல், மறுபுறம் குறடு. ஆணி அறைந்த கருவியும் ஆணி பிடுங்கிய கருவியும் என்பார்கள். “இத ரெண்டுந்தான் அவன் பையில இருக்கும். இதப் பாத்துத்தான் சாமி முப்பது வருசமா இங்க வந்துக்கிட்டிருக்கேன்.”

அந்தப் படத்தை நாங்களும் அதுவரை நூறுமுறை பார்த்திருப்போம். குறடு எங்கள் கண்ணில் பட்டதேயில்லை.

அவ்வாண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாமி மதிலுக்குள் இருந்த கல்லறைகளை மந்திரித்து முடித்தார். தீர்த்தச் செம்பை வைத்திருந்த பையன் கோயிலுக்குத் திரும்பினான். அவனை நிறுத்தி, செம்பைத் தாமே வாங்கிக்கொண்டு வாசல் வழியே வெளியே வந்தார். ஈச்சம் புதர் வெட்டப்பட்டுப் பல காலமாகியிருந்தது. இடத்தை அம்மாதான் காட்டினார். மேடு ஏதுமில்லை, புல்தான். கூட்டத்தில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். சிலர் மதிலுக்குள்ளேயே நின்றுகொண்டார்கள்.

சாமி மாமாவின் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டார். வீட்டில் எப்போதும் ‘தம்பி’ என்றும் ‘லாடக்காரன்’ என்றுமே பேச்சு. அம்மா தாழ்ந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார். அதை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.