இரண்டு மேலாளர்களுக்கு நடுவே ஒரு பணியாளர்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் குர்ஆன் ஓதக் கற்ற மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகில் வந்து அமர்ந்தார். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். உத்திரமேரூரிலிருந்து நாள்தோறும் கம்பெனி பேருந்தில் சென்று வருகிறார். முகம் வாடியிருந்தது.

“ஹஜ்ரத், எனக்கு இரண்டு மேலாளர்கள். ஒருவர் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்குத் தலைவர். இன்னொருவர் புதிய திட்டம் ஒன்றுக்குத் தலைவர். இருவரும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி வேலை தருகிறார்கள். இவர் வேலையை முடித்தால் அவர் கோபிக்கிறார். ஆண்டு மதிப்பீட்டில் இருவருமே எனக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றார்.

தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. “தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்” என்று அனுப்பிவைத்தேன். அந்த இடைவெளியில் நான் படித்ததையும் நினைத்துப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் இன்று இத்தகைய அலுவலகங்களில்தான் பணிபுரிகிறார்கள்.

நிறுவனங்களில் வழக்கிலுள்ள அமைப்புகளில் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. முதலாவது படிநிலை அமைப்பு. ஏணியைப் போல் ஒருவருக்கு மேல் ஒருவர் இருப்பர். ஒவ்வொருவருக்கும் மேலாளர் ஒருவரே. பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளரான ஹென்றி ஃபயோல் 1916ஆம் ஆண்டு வெளியிட்ட நிர்வாகக் கோட்பாடுகள் பதினான்கில், ஒரு பணியாளர் ஒருவரிடமிருந்தே கட்டளை பெற வேண்டும் என்பதும் ஒன்று. இரண்டாவதை மேட்ரிக்ஸ் அமைப்பு என்கிறார்கள். பாயின் பாவும் ஊடும் போல இரண்டு கோடுகள் குறுக்கே செல்லும். ஒரு கோடு துறை, மற்றொன்று திட்டம். பணியாளர் அவ்விரண்டும் சந்திக்கும் புள்ளியில் நிற்பார். அமெரிக்காவின் விமான, விண்வெளித் தொழில்களில் இது முதலில் பெருகியது. பல துறை வல்லுநர்கள் ஒரே திட்டத்தில் ஒன்றுகூட வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

ஏணியில் தெளிவு உண்டு. ஆனால் ஒரு துறையின் செய்தி மற்றொரு துறையை அடைய மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும். குறுக்குக் கோடுகளில் வேகமும் அறிவுப் பகிர்வும் உண்டு. ஆனால் நடுவில் நிற்பவர் இருபுறமும் இழுபடுவார்.

இதைப் படித்தபோது ஸூரா அஸ்ஸுமரின் 29ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. தமக்குள் பிணங்கிக்கொள்ளும் பல பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு மனிதனையும், ஒரே எஜமானனுக்கு முழுமையாக உரிய மற்றொரு மனிதனையும் அல்லாஹ் அங்கே உவமையாகக் காட்டி, இருவரும் சமமாவார்களா என்று வினவுகிறான். அவ்வுவமையின் நோக்கம் தவ்ஹீத். ஆயினும் உவமை மனிதர் அறிந்த அனுபவத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. பல எஜமானர்களுக்கு நடுவே நிற்பவனின் துன்பம் அன்றும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்திருக்கிறது.

அப்படியானால் இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பதே தவறா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்புக்கு அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தலைவராக அனுப்பினார்கள். பின்னர் அவர் உதவி கேட்டபோது, அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 200 பேரை அனுப்பினார்கள். அப்படையில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் இருந்தனர். இருவரும் கருத்து வேறுபட்டுப் பிரிந்துவிட வேண்டாம் என்பதே நபியவர்கள் அபூ உபைதாவுக்குச் சொன்ன அறிவுரை. அங்கே சேர்ந்ததும் தலைமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. அம்ரு (ரலி) இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அபூ உபைதாவோ முதல் நாள்களிலேயே ஈமான் கொண்டவர். இருந்தும் அவர் விட்டுக்கொடுத்தார். அம்ரு (ரலி) தொழுகைக்குத் தலைமை தாங்கினார்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபா நகரில் இன்னொரு முறை இருந்தது. தொழுகைக்கும் படைக்கும் அம்மார் இப்னு யாஸிர் (ரலி), நீதிக்கும் பைத்துல் மாலுக்கும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி), நில அளவைக்கு உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) என மூவரை அனுப்பினார்கள். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஓர் ஆடு. அதில் பாதி அம்மாருக்கு, மற்ற இருவருக்கும் கால் பங்கு. ஊர் ஒன்று, பொறுப்பாளர் மூவர். ஆயினும் எவர் எதற்குப் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆட்டின் பங்குகூட முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

நம் ஊரிலேயே இதற்கொரு சான்று கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வெளியூர்களிலிருந்து மாணவர்கள் வந்துபோகிறார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் குடும்புக்கு ஒருவராக 30 பேர் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். வடக்கே உள்ள குடும்பிலிருந்து வந்தவராயினும், ஏரி வாரியத்தில் அமர்ந்துவிட்டால் ஊர் ஏரி முழுவதற்கும் அவர் பொறுப்பு. குடும்பு ஒரு கோடு, வாரியம் மறு கோடு.

அச்சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை அது. அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பை வகுத்த முறையில் நாம் கற்க வேண்டியது உண்டு. பதவிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது; அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கப்படுவார். கோடுகள் குறுக்கே சென்றாலும், ‘நான் இல்லை, அவர்’ என்று கைகாட்ட அங்கே இடம் வைக்கப்படவில்லை.

இந்தச் சொல்லை எழுதும்போது என் கை தயங்குகிறது. கைகாட்டியவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரின் மதரஸாவில் பணிபுரிந்தேன். பாடத்திற்குத் தலைமை ஆசிரியரிடமும், வருகைப் பதிவுக்கும் சம்பளத்திற்கும் நிர்வாகக் குழுவிடமும் நான் பதில் சொல்ல வேண்டும். என் வகுப்பில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஹிஃப்ழு செய்துகொண்டிருந்தான். இனிய குரல். ஒரு வாரம் அவன் வரவில்லை. பதிவேட்டில் குறித்தேன். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன், நிர்வாகத்திற்கும் தெரிவித்தேன். என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். விசாரிப்பது நிர்வாகத்தின் வேலை என்று தலைமை ஆசிரியர் நினைத்தார். மாணவனை அறிந்த ஆசிரியர் போயிருப்பார் என்று நிர்வாகம் நினைத்தது. இப்படியே இரண்டு மாதங்கள் கழிந்தன.

ரமளானுக்குப் பின் அவன் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் நோயுற்றுப் படுத்திருந்தார். சிறுவன் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மனனம் செய்த ஸூராக்களில் பாதி மறந்துவிட்டது. அவனுடைய தாயார் கதவுக்குப் பின்னால் நின்றபடி, “அவ்வளவு பெரிய மதரஸாவில் இத்தனை பேர் இருக்கிறீர்களே ஹஜ்ரத், ஒருவர்கூட வரவில்லையே” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது இன்னும் என் காதில் நிற்கிறது.

உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள ஹதீஸை நான் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். மேலே இருவர் இருப்பதால் அந்த விசாரணை இரண்டாகப் பங்கிடப்படும் என்று அதில் எங்கும் இல்லை. அதன்பின் அச்சிறுவனுக்கு மஃரிபுக்குப் பின் தனியாகப் பாடம் கேட்டேன். மறந்தவற்றில் பெரும்பகுதி திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஹிஃப்ழு முழுமையடையவில்லை. கடை வேலையும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மாணவர் வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். பிறகு ஒன்று கேட்டேன்: “தம்பி, ஒருவரிடம் வேலை தாமதமானபோது மற்றவர் பெயரைச் சொல்லித் தப்பித்தது உண்டா?” சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, “உண்டு ஹஜ்ரத்” என்றார். சில வேளைகளில் இருவருடைய வேலையையும் செய்யாமல், இருவரிடமும் மற்றவரைக் காரணம் காட்டியிருக்கிறார். இரண்டு மேலாளர்கள் இருக்கும் இடத்தில் ஷைத்தானுக்கு இது எளிதான வாசல்.

தவறு அவருடையது மட்டும் அன்று. முன்னுரிமையை மேலாளர்கள் தமக்குள் பேசி முடிவு செய்யாமல் கீழே நிற்பவரின் தலையில் இறக்கிவைப்பது அநீதி. ஆனால் அவர்களை என்னால் திருத்த இயலாது. அவருக்கு மூன்று யோசனைகள் சொன்னேன். தம்மிடமுள்ள வேலைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி இருவருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவது. இரண்டு வேலைகள் மோதும்போது, எது முதலில் என்று இருவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது. எக்காரணத்தைக் கொண்டும் ஒருவரிடம் மற்றவரைப் பற்றிப் பொய்யோ புறமோ பேசாதிருப்பது. முதலிரண்டும் மஷ்வரா, மூன்றாவது அமானிதம்.

“அதற்குப் பின்னும் மாறாவிட்டால்?” என்றார்.

“வேறு வேலையைத் தேடிக்கொண்டபின் இதை விடு. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், ஆனால் கடனை அடைக்க வேண்டியது நீ” என்றேன். சிரித்தார்.

மறுவாரம் எங்கள் மக்தபின் சுவரில் நானும் ஒரு தாள் ஒட்டினேன். பாடம், வருகை, நோயுற்ற மாணவரைப் பார்க்கச் செல்லுதல், பெற்றோரிடம் பேசுதல் என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவனின் வீட்டுக்குச் செல்பவர் என்ற வரிக்கு எதிரே என் பெயரை எழுதியிருக்கிறேன்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை நிறைவேற்றும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.