யார் தாளத்தை யார் பிடிப்பது?

பல்லடம் என்றதும் இன்று விசைத்தறியும் பிராய்லர் கோழியும்தான் நினைவுக்கு வரும். கர்நாடக இசைக்காரர்களுக்கோ அது புல்லாங்குழல் மேதை பல்லடம் சஞ்சீவ ராவின் (1882–1962) ஊர். அவருடைய குரு கும்பகோணம் சரப சாஸ்திரிக்குக் கண் பார்வை கிடையாது. 1872இல் பிறந்து 1904இலேயே மறைந்துவிட்ட சாஸ்திரி, அந்தக் குறுகிய ஆயுளுக்குள் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தினார். குழலில் ஒரு துளையை முழுசாக மூடினால் ஒரு சுரம், அரைகுறையாக மூடினால் வேறொன்று. சீடனின் விரல் எங்கே பிசகியது என்பதை அவர் காதால்தான் பிடித்திருக்க வேண்டும்.

ஆக, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பாட்டு எதற்கு என்று, பல்லடம் இருக்கும் திருப்பூர்ப் பக்கம் யாரும் கேட்க முடியாது. இந்த மாவட்டத்தின் பெரிய இசைப் பெயர்களில் ஒன்றே பார்வையற்ற ஆசிரியர் உருவாக்கியது.

பார்வையில்லாத மாணவருக்கு நம் இசை ஓரளவு வசதியானதுதான். குரு பாடுவார், சீடன் கேட்டுப் பாடுவான். நோட்டுப் புத்தகம் பிறகுதான். எழுதிப் படிக்க வேண்டுமென்றாலும், ஆர்கன் வாசிப்பாளரான லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட முறையிலேயே இசைக்கும் புள்ளிகள் உண்டு. காது கேளாத பிள்ளை வந்து உட்காரும்போதுதான் ஆசிரியர் திகைத்துப் போகிறார்.

ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி அப்படிப்பட்ட மாணவி. 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். பள்ளியின் தாளவாத்திய ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் அவரைச் சுவரில் கை வைத்து நிற்கச் சொல்லிவிட்டு டிம்பனி முரசை வாசித்தார். தாழ்ந்த ஒலி காலிலும் பாதத்திலும், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அதிர்வதை அந்தச் சிறுமி உணர்ந்துகொண்டாள். பின்னாளில் உலக மேடைகளில் வெறுங்காலோடு வாசித்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அவருடைய முரசு ஒலித்தது. டிம்பனிக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். மாரியம்மன் நோம்பியில் ஜமாப் மேளம் அடிக்கும்போது நெஞ்சுக்கூடே அதிர்கிறது. அதே மேளத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் ஆயிற்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சத்தம் தாங்காது என்பதால், காது கேளாதவர்களின் வகுப்பையும் அவர்களின் வகுப்பையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்துவிடக் கூடாது.

ஆட்டிச வகுப்பில், ஆசிரியரின் தாளத்தை மாணவர் பிடிக்கும் வழக்கமும் தலைகீழாகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்புக் கல்வியாளர் கிளைவ் ராபின்ஸும் 1959இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பிள்ளை எந்த வேகத்தில் தட்டுகிறதோ, கத்துகிறதோ, அதற்கேற்ப நார்டாஃப் பியானோவில் வாசித்துக்கொண்டே போவார். தாளம் தப்பினால் தொடையில் அடி வாங்கி வளர்ந்த நம் பாட்டு வாத்தியார்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் ஒரே வரியை மூன்று காலத்தில் திரும்பத் திரும்பப் பாடவைக்கும் சரளி வரிசை, மாறாத ஒழுங்கைத் தேடும் பிள்ளைக்குப் பிடித்துப்போகவும் கூடும். முதல் காலத்தின் வேகத்தைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

பிள்ளைக்கேற்பப் பாடத்தை இப்படி மாற்றச் சட்டத்திலும் இடமிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அவர்களும் பங்கேற்கும்படி கலைப் பாடங்களை மாற்றியமைக்கச் சொல்கிறது. இடிப்பது நேரம்தான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில், அப்பா பவர்டேபிள் தையலில். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு வைத்தால் பிள்ளையை யார் கூட்டிவருவது? சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள், ஞாயிறு முற்பகலில் வைக்கலாம். அரை மணி நேரம், அதே அறை, அதே ஆசிரியர், அதே சுருதி. அம்மாவும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் மற்ற ஆறு நாளும் சமையல் வேலையோடு வேலையாக வீட்டில் பாடலாம்.