தம்பி கேட்ட ரிவால்வர்

சித்தப்பா மகன் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ரிவால்வர் பார்க்கிறான் என்றதும் தெருவில் பெருசுகளுக்கு ஞாபகம் வந்தது வெண்மணிதான். 1968 டிசம்பர் 25. துப்பாக்கியோடு வந்தவர்களுக்குப் பயந்து குடிசைக்குள் ஒண்டிய 44 பேரை எரித்துக் கொன்றார்கள். "நமக்கு எதுக்குய்யா அந்தச் சனியன்?" என்றாள் அப்பத்தா. தோழர்களும் அதையே கொஞ்சம் தத்துவம் கலந்து சொன்னார்கள்.

ஆனா அவன் தேடுறது வேற. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டி. மொத்தம் 60 குண்டு, தொடருக்கு 5. எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது, குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஆறு அங்குலக் குழல் சரியாக அதற்குள் அடங்கும். கான்பூரில் செய்கிற .32 ரிவால்வர் இடுப்பில் செருக நல்லது. குழல் குட்டை என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி போதாது. கண் மயிரிழை பிசகினாலும் அட்டையில் நாலு விரற்கடை தள்ளிப்போகும்.

வெறும் விசையை இழுத்தே சுட்டால் இழுவை நீளம், கை ஆடிப்போகும். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு ஏற்றிவைத்தால் லேசாக அழுத்தினாலே வெடிக்கும். அந்த விசை 1000 கிராமையாவது தாங்கணும் என்பது விதி. வேகச் சுற்றில் அட்டை 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி திரும்பிக்கொள்ளும். அதுக்குள்ள ஏத்திடலாம். கட்டைவிரல் எட்டணும், பிடி உள்ளங்கையில் பொருந்தணும், அதுதான் முக்கியம்.

இன்னொன்று சொன்னான், எனக்கு ரொம்பப் பிடித்தது. உருளையின் ஆறு அறையும் ஒண்ணுபோல இருக்காதாம். அறைக்கு எண் போட்டு, தனித்தனித் தாளில் சுட்டுப் பார்க்கணும். எது சிதறுதோ அதைக் காலியாக விட்டுவிடலாம், தொடருக்கு ஐந்துதானே!

உரிமத்துக்குப் போன இடத்தில் ஓர் அலுவலர், "ஒங்க ஆளுங்களுக்கு எதுக்குப்பா இது?" என்றார். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ஐ எடுத்துக்கொடுத்தேன். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கு ஆயுத உரிமம் தரலாம் என்று அதில் இருக்கிறது. தம்பி அதை வாங்கி மடித்து என் பையிலேயே வைத்தான்.

"உசுருக்குப் பயந்து கேக்கலண்ணே. வெளையாடக் கேக்குறேன்."

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. அடிபட்டவனாகப் போனால் சட்டம் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆட்டக்காரனாகப் போனால் 'எதுக்கு' என்கிறது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'விளையாட்டுப் போட்டி' என்று தன் கையாலேயே எழுதினான்.

ஏழு மாசமாச்சு. கிளப்புத் துப்பாக்கியில்தான் பழகுகிறான். அதன் பிடி அவன் கைக்குப் பெரிசு.