பிரெஞ்சுச் சிற்றூரில் ஒரு கோடை

பிரான்சு நாட்டின் தென்மேற்கே தோர்தோஞ் என்றொரு மாவட்டம் உண்டு. சூரியகாந்தி வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் பிளம்ஸ் மரங்களும் அடுத்தடுத்து விரிந்து கிடக்கும் வளமான மண் அது. அதன் தென்பகுதியில், த்ரோ என்னும் சிற்றாற்றின் கரையில், எய்மே என்ற சிறு நகரம் அமைந்துள்ளது. புனித லூயி அரசரின் உடன்பிறந்தவரான அல்போன்சு 1270-ஆம் ஆண்டில் நிறுவிய நகரம். நடுவே சதுரமான திடல். அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்களோடு கூடிய பழைய வீடுகள். வியாழக்கிழமைச் சந்தையில் நின்று செவிமடுத்தால் பிரெஞ்சு மொழியோடு ஆங்கிலமும் தாராளமாகக் காதில் விழும். ஓய்வு பெற்ற ஆங்கிலேயர் பலர் இந்நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் குடியேறி வாழ்வதே அதற்குக் காரணம்.

ஆங்கிலேயருக்கு இது முற்றிலும் அந்நிய மண் அன்று. 1152-இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர் அரசி, பின்னர் இங்கிலாந்தின் மன்னரான ஹென்றியை மணந்தார். அதனால் இப்பகுதி ஆங்கில அரச குடும்பத்தின் கைக்குச் சென்றது. 1453-ஆம் ஆண்டு சூலை 17 அன்று, இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத கஸ்தியோனில் நடந்த போரோடு அந்த ஆட்சி முடிவுற்றது. அன்று வாளேந்தி வந்தார்கள். இன்று ஓய்வூதியத்தோடு வருகிறார்கள். வெயிலும், மலிவாகக் கிடைத்த கல்வீடுகளும், அமைதியும் அவர்களை ஈர்த்தன.

கோடையில் அந்நாட்டுக் குருக்கள் விடுமுறையில் செல்லும்போது, அவர்களுக்குப் பதிலாகப் பணிபுரிய நம் நாட்டுக் குருக்கள் செல்வதுண்டு. அவ்வாறு சென்றிருந்தபோது, எய்மேக்கு அருகே ஒரு சிற்றூரில் முதிய தம்பதியர் ஒருவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். மனைவி ஓய்வு பெற்ற செவிலியர், கத்தோலிக்கர். இருவரும் எழுபத்தைந்தைக் கடந்தவர்கள். அவ்வூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மகன் இங்கிலாந்தில், மகள் ஆஸ்திரேலியாவில்.

அங்கே கோடை நாள், சன்னல்களின் வெளிப்புறத்தில் உள்ள மரக்கதவுகளைத் திறப்பதில் தொடங்குகிறது. காலைக் குளிர்ச்சி வீட்டுக்குள் நிறையும் வரை அவை திறந்திருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். தடித்த கற்சுவர்களுக்குள்ளே மாலைவரை இருளும் குளிர்ச்சியும் தங்கும். கதவு திறந்ததும் கணவர் அன்றைய ரொட்டி வாங்க நடந்து செல்வார். பகெத் எனப்படும் அந்த நீண்ட ரொட்டியைச் செய்யும் கலையும் அதைச் சார்ந்த பழக்கமும் 2022-இல் உலகப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன. கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" என்று வணக்கம் கூறாமல் எதையும் கேட்பது அங்கே பெரும் மரியாதைக் குறைவு. உள்ளே நிற்பவர்கள் அனைவருக்கும் சேர்த்தே அந்த வணக்கம். "எங்களுக்கு முதலில் தெரிந்த பிரெஞ்சுச் சொல் இதுதான். பல மாதங்கள் இந்த ஒரு சொல்லை வைத்தே காலம் தள்ளினோம், தந்தையே" என்று சிரித்தார் அந்த அம்மையார்.

நண்பகலில் கோவில் மணி மூவேளைச் செபத்திற்காக ஒலிக்கும். கடைகள் இரண்டு மணிவரை மூடிக்கிடக்கும். உணவு, சிறு உறக்கம், பின்பு தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு நீர். ஏழு மணிக்கு மாலை மணி ஒலிக்கும்போதும் வெயில் குறைந்திராது. சூலைத் தொடக்கத்தில் கதிரவன் மறைய ஒன்பதே முக்கால் மணி ஆகும். சில மாலைகளில் திடலில் இரவுச் சந்தை கூடும். நீண்ட மேசைகள் போட்டிருப்பார்கள். மக்கள் தட்டு, கத்தி, முள்கரண்டி ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்து வந்து, சமைத்த உணவை அங்கே வாங்கி ஊராரோடு அமர்ந்து உண்பார்கள். பேரப்பிள்ளைகள் சில வாரங்கள் வந்து வீட்டைக் கலகலப்பாக்கிவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் சென்ற மறுநாள்தான் ஆண்டிலேயே நீளமான நாள் என்றார் அந்த ஆசிரியர்.

இந்த அமைதிக்கும் சோதனைகள் வந்தன. 2020 சனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அதுவரை ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெற்றிருந்த உரிமையை இவர்கள் இழந்தார்கள். ஊர் மன்ற உறுப்பினராக இருந்த நம் ஆசிரியரும் அந்த மார்ச்சுத் தேர்தலோடு பதவியிழந்தார். வாழும் உரிமைக்குச் சான்றாகக் குடியிருப்பு அட்டை பெற வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலுள்ள மகன் வந்தாலும் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. பெற்றோர் நோயுற்றால் உடனிருக்க விரும்பும் பிள்ளைக்கு இது சிறிய தடை அன்று.

அதைவிடப் பெரிய சோதனை வெயில். 40 பாகையைத் தாண்டும் நாட்கள் அங்கே இப்போது புதுமையல்ல. 2003 ஆகஸ்டு மாதத்தில் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் முதியோர், அதிலும் தனித்து வாழ்ந்தோர். குடும்பத்தினர் விடுமுறையில் கடற்கரைகளுக்கும் மலைகளுக்கும் சென்றிருந்த நேரம் அது. பாரீசில், உரிமை கோரி எவரும் வராத 57 பேரின் உடல்கள் செப்டம்பர் 3 அன்று தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. நாட்டின் தலைவர் சிராக் நேரில் வந்து நின்றார். செல்வமும் மருத்துவமும் நிறைந்த நாடு, தன் பெற்றோரை மறந்துபோனதை எண்ணித் தலைகுனிந்த நாள் அது.

அடுத்த ஆண்டே ஒரு சட்டம் பிறந்தது. தனித்து வாழும் முதியோரில் விரும்புவோரின் பெயர்களை ஒவ்வோர் ஊரின் மேயரும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்புகொண்டு நலம் கேட்க வேண்டும். மேலும், தொழிலாளர் ஆண்டில் ஒரு நாள் கூடுதலாக உழைத்து, அதன் பயன் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சேர வழி செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதற்கெனக் குறிக்கப்பட்ட நாள், தூய ஆவி பெருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை.

ஆனால், பதிவேட்டுக்கு முந்தியே அச்சிற்றூரில் வேறொரு ஏற்பாடு இருந்தது. எதிர்வீட்டில் ஓர் உழவரின் கைம்பெண் வாழ்கிறார். காலை எட்டு மணிக்குள் இவர்களுடைய சன்னல் கதவுகள் திறக்கவில்லையானால் அவர் வந்து பார்ப்பார். அவருடையவை திறக்கவில்லையானால் இவர்கள் போய்ப் பார்ப்பார்கள். இரு வீட்டுச் சாவிகளும் இரு வீட்டிலும் இருந்தன. நான் செல்வதற்கு முந்தைய கோடையில் அம்மையார் மகன் வீடு சென்றிருந்தார். ஒரு வெப்பமான இரவில் கணவர் மயங்கிச் சமையலறையில் விழுந்து, எழ இயலாமல் கிடந்தார். எட்டேகால் மணிக்குச் சாவி திருகும் ஓசை கேட்டதாம். "அந்த ஓசைக்குப் பிறகுதான் எனக்குச் செபிக்க நினைவு வந்தது" என்றார் அவர்.

அதன்பின் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்துக்கே திரும்பிவிடுமாறு வற்புறுத்தினார்கள். அம்மையாருக்கு மனம் இருபக்கமும் இழுத்தது. ஒருவர் முதலில் இறந்தால் மற்றவர் அந்நிய மொழியில் தனியே என்ன செய்வது? கணவரோ, "மகன் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறான். அவன் தெருவில் என் சன்னலை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். இறுதியில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுக் குத்தகையில் ஓரிடம் வாங்கினார்கள். அங்கு கல்லறை நிலத்தை அவ்வாறு குறித்த காலத்துக்குத் தருவது வழக்கம். முடிவு எடுத்தாகிவிட்டது என்று பிள்ளைகளுக்கு அறிவிக்கும் கடிதத்தை அம்மையார் மூன்று முறை கிழித்தெழுதினாராம்.

அவ்வூர்க் கோவிலில் வாரந்தோறும் திருப்பலி இல்லை. ஒரே குருவின் பொறுப்பில் இருபது, முப்பது கோவில்கள் இருப்பது அங்கே சாதாரணம். பழைய பங்குக் கோவில்கள் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகப் பெரும்பாலும் ஊராட்சிக்குச் சொந்தம். கூரை பழுதுபார்ப்பதும் ஊராட்சியே. ஆனால், கோவில் சாவி நம் அம்மையாரிடம் இருந்தது. ஆகஸ்டு 15 அன்று அங்கே திருப்பலி நிறைவேற்றினேன். தேவதாயின் விண்ணேற்பு விழா, அந்த மதச்சார்பற்ற நாட்டில் இன்றும் அரசு விடுமுறை. 1638-இல் பதின்மூன்றாம் லூயி மன்னர் நாட்டை அன்னையிடம் ஒப்படைத்த நினைவு அந்நாளோடு இணைந்தது. கோவில் நிறைந்திருந்தது. கத்தோலிக்கரல்லாத அந்த ஆசிரியர் கதவருகே நின்று, வந்தவர்களுக்குப் பாட்டுத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய பிரெஞ்சுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட பாரீசு வேதபோதக சபைக் குருக்கள் 1776 முதல் புதுச்சேரி மறைபரப்புத் தளத்தைக் கவனித்து வந்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் பலரின் இறுதிப் படுக்கையருகே முழந்தாளிட்டவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய ஊர்களில் முதியோருக்கு நோயில்பூசுதல் அளிக்க நம் குருக்கள் போகிறார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாள், புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி, சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. அன்று பூங்கொத்து கொடுப்பது நல்லதுதான். ஆனால், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, நம் தெருவில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரையேனும் நாள்தோறும் காலையில் எட்டிப் பார்க்கும் பொறுப்பை ஒவ்வோர் அன்பியமும் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கலாமே. அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு சாவியும், எட்டு மணிக்கு எதிர்வீட்டைப் பார்க்கும் பழக்கமும் போதும்.