மீதி வண்டி எங்கே?

ஐந்தடி நாலு அங்குலம். ஐம்பத்தெட்டு கிலோ (டிபனுக்குப் பிறகு). வரன் தேடும் விளம்பரத்துக்குக்கூட நான் இவ்வளவு உண்மை சொன்னதில்லை. ஆனால் முதல் மோட்டார் பைக் வாங்கப் போகிறவன் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது இதைத்தான். இது எனக்குப் புரிய இரண்டு மாதமும் ஒரு மைசூர் டிக்கெட்டும் செலவாயின.

இருபத்தெட்டு வயது வரை எனக்கென்று வண்டி கிடையாது. லைசென்ஸ் உண்டு. நண்பர்களின் பைக்கை ஓட்டிப் பழகியதும் உண்டு. மற்றபடி, வீட்டிலிருந்து வில்லிவாக்கம் ஸ்டேஷன் வரை அப்பாவின் மொபெட்டில் பின் ஸீட். அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். சென்ற ஜனவரியில் அப்பா மொபெட்டை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று ஆயிற்று. சரி, ஸ்கூட்டர் வாங்கினால் போதாதா? போதும்தான். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே! அது க்ரூஸர் கேட்டது.

க்ரூஸர் தெரியும் அல்லவா? தாழ்வான ஸீட், உயரமான ஹேண்டில்பார், காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைக்கலாம். ஈஸிசேருக்கு என்ஜின் மாட்டின மாதிரி. அமெரிக்க நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்காக வளர்ந்த ஜாதி. பாடி மேம்பாலத்தில் முதல் கியரில் ஊர்கிறவனுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசைக்கு மேம்பாலம் தெரியாது.

என் பட்டியலில் மிஞ்சியவை இரண்டு. ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350. ஜாவாவின் 42 பாபர். இரண்டும் சுமார் இரண்டு லட்சத்தைச் சுற்றி வரும். 2025 செப்டம்பரில் 350 ஸி.ஸி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மீட்டியார் 349, பாபர் 334. அந்தப் புண்ணியம் இருவருக்கும் பொது.

ஆபீஸில் வாயைத் திறந்ததுதான் தப்பு. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒருவர் காதில் போட்டேன். மூன்று மணி டீக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. உடனே இரண்டு கட்சி. “என்ஃபீல்டு நம்ம ஊர்ச் சரக்குப்பா!” என்று பக்கத்து ஸீட்காரர். “ஜாவாவை ஒருதரம் ஓட்டினவன் வேற வண்டியைத் தொடமாட்டான்” என்று கேஷ் செக்‌ஷன். (அவர் ஓட்டுவது ஸ்கூட்டர்.) ஓட்டுப் போடும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. இ.எம்.ஐ. கட்டும் உரிமை மட்டும் எனக்கு!

கடைசியில் மூன்று பெண்களைப் பெற்ற எங்கள் சூப்பரின்டென்டென்ட் தீர்ப்பு சொன்னார். “பொண்ணு எடுக்கறதுன்னா முதல்ல பொறந்த வீட்டைப் பார்க்கணும்டா!”

பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதல் பிறந்த வீடு திருவொற்றியூர். மெட்ரோ 2021-லிருந்து விம்கோ நகர் வரை போவதால் சிரமமே இல்லை. தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் பக்கம். “கோயிலுக்குன்னா நானும் வர்றேன்” என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் அந்தப் பழைய தொழிற்சாலை. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி அது. 1932-ல் ‘புல்லட்’ என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தது. 1950-களில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு 800 புல்லட் கேட்க, மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய்வீடு போய்விட்டது, கொடுத்த இடத்தில் பெண் நிலைத்துவிட்டாள். 1994-ல் ஐஷர் கைக்கு வந்து, அதற்கப்புறம் ஒரகடம், வல்லம் வடகால் என்று புது வீடுகள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். 2020 நவம்பரில் வந்த மீட்டியார், பழைய புல்லட்டுக்கு உறவே தவிர உடம்பு புதுசு. என்ஜினை அடியோடு மாற்றிவிட்டார்கள். பழைய வண்டியில் ஸீட்டில் உட்கார்ந்ததும் பல் ஆடுமே, அந்த ஆட்டம் இதில் கிடையாது.

நான் வெளிச்சுவரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, “வா, நடை சாத்திடுவான்” என்று இழுத்துக்கொண்டு போனார். தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் தரிசனம் முடிந்து உட்கார்ந்தோம். இதே ஊர்க் கடற்கரையோரம்தான் பட்டினத்தார் சமாதி. அத்தனை சொத்தையும் உதறினவர் அடங்கிய ஊருக்கு நான் வந்திருப்பது, இரண்டு லட்சம் கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்க!

அப்பா சுந்தரர் கதையைச் சொன்னார். ஏற்கெனவே திருவாரூரில் பரவை நாச்சியார். இங்கே சங்கிலி நாச்சியார். ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கல்யாணம். கொஞ்ச நாளில் திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பினார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று.

“ரெண்டுல மனசு வெச்சா இப்படித்தான்” என்றேன், என் நிலைமையை நினைத்து.

“அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் ஒரு கண்ணும் திரும்பக் கிடைச்சுது. அவருக்குக் கிடைச்சுது” என்றார் அப்பா.

நான் பேசவில்லை. அப்பா மொபெட்டை நிறுத்திய காரணத்தை இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லையே... கிளாக்கோமா. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. போன பார்வை போனதுதான்; சொட்டு மருந்து ஒழுங்காக விட்டு, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். “இனிமே வண்டி ஓட்ட வேண்டாம்” என்றும் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாவியை அலமாரியில் வைத்தார் அப்பா. அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது பிறந்த வீடு மைசூர். சனிக்கிழமைக்கு லீவ் போட்டு, வெள்ளி ராத்திரி சென்ட்ரலில் காவேரி எக்ஸ்பிரஸ். காலையில் கல்லூரி நண்பன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவனிடம் பாபர் இருக்கிறது என்பதால்தான் அவன் மேல் திடீரென்று அவ்வளவு பாசம் எனக்கு.

ஸ்டேஷனை ஒட்டினாற்போல யாதவகிரி. ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது அங்கேதான். ‘ஜாவா’ என்றால் இந்தோனேஷியத் தீவு என்றே நான் நினைத்திருந்தேன். அது இல்லை, ஸார். செக்கோஸ்லோவாகியாவில் யானெச்செக் என்பவர் 1929-ல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். தன் பெயரில் முதல் எழுத்து, அதன் பெயரில் முதல் எழுத்து, இரண்டையும் ஒட்டி ஜா-வா. மைசூரில் இரானி குடும்பத்தார் அதை 1961-லிருந்து தயாரித்தார்கள். 1973-லிருந்து ‘யெஸ்டி’. 1996-ல் கதவு மூடியது.

நண்பனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இன்னமும் பழைய யெஸ்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். ஒன்றை உதைத்துப் பார்க்கச் சொன்னார். கிக்கர் எங்கே என்று தேடினேன். சிரித்தபடியே கியர் லீவரை உள்பக்கமாக அழுத்தி, பின்னால் தூக்கி நிறுத்தினார். அதுவே கிக்கர்! உதைக்கவும் அதே கம்பி, கியர் மாற்றவும் அதே கம்பி. நடுத்தரக் குடும்பத்துக்குத் தெரிந்த சிக்கனம்.

ஆனால் இங்கேயும் பெண் பிறந்த வீட்டில் இல்லை. 2018-ல் ஜாவா மறுபிறவி எடுத்தபோது மத்தியப் பிரதேசத்து பீதம்பூரில் எடுத்தது. பழசின் அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தமும் புகையும் போய், தண்ணீரால் குளிரும் என்ஜின் வந்துவிட்டது. ஆக, இரண்டு பிறந்த வீட்டையும் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெண் அங்கே இல்லை! பெயரைப் பார்த்து மயங்குவதில் தப்பில்லை. மாதாமாதம் பணம் கட்டப்போவது பெயருக்கு இல்லை, வண்டிக்கு.

சாயங்காலம் பாபரின் சாவியைக் கொடுத்தான் நண்பன். சாமுண்டி மலை. அடடா! மீட்டியாருக்கு 20 குதிரை சக்தி. இதற்குச் சுமார் 30. கியரும் அதற்கு ஐந்து, இதற்கு ஆறு. ஸீட் உயரம் 740 மில்லிமீட்டர். என் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்! வளைவுகளில் திருகினால் திருகின அளவுக்குப் பாய்ந்தது. மலை மேல் போய் நிறுத்தியபோது என் உயரம் நிச்சயம் ஐந்தடி எட்டு.

பக்கத்தில் பேசத்தான் ஆளில்லை. பாபருக்கு ஒரே ஸீட். வண்டிச் சொந்தக்காரன் டவுன் பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தான்.

அந்த அரைமணி நேரத்தில் வண்டியைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். முதலில் அம்மாவிடமிருந்து போன்.

“ஏண்டா, பாதி வண்டிதானே இருக்கு. மீதி எங்கே?”

“இவ்வளவுதாம்மா. ஸ்டைல்.”

போன் அப்பாவிடம் போயிற்று. “நல்லா இருக்குடா. உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ. எனக்கென்ன, ஆஸ்பத்திரிக்குத்தானே... ஆட்டோ இருக்கே” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார். கீழே மைசூர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. எல்.கே.ஜி.யிலிருந்து போன டிசம்பர் வரை அந்த மொபெட்டின் பின் ஸீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா வண்டி வாங்கும்போது ‘ஒரு ஸீட் போதும், ஸ்டைலா இருக்கும்’ என்று நினைத்திருந்தால்?

நண்பன் வந்ததும், “எப்படி?” என்றான்.

“பிரமாதம். தனி ஆளுக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை” என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். நான் தனி ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, வீட்டுப் பக்கத்து ஷோரூமில் மீட்டியார். அப்பாவையும் அழைத்துப் போனேன். ஸீட் உயரம் 765. பாபரைவிட ஓர் அங்குலம் கூடுதல். ஆனாலும் கால் ஊன்றியது. முதலில் என்ஜினைப் போடாமல் வண்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். (பாபரில் இதைச் செய்யத் தோன்றவே இல்லை. காதலில் அதெல்லாம் தோன்றாது.) 191 கிலோ! சரிவில் நிறுத்திவிட்டு இதைப் பின்னுக்கு இழுப்பதற்குள், தின்ற இட்லி ஜீரணம்.

அப்பா பின்னால் ஏறினார். முழங்கால் வலியோடு காலைத் தூக்கிப் போடும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. வண்டி 191, நான் 58, அப்பா 70. மொத்தம் 319 கிலோவை இரண்டு காலில் பிடித்து நிறுத்தினேன். கால் எட்டாத வண்டியாக இருந்திருந்தால் அப்பாவும் பிள்ளையும் ஷோரூம் வாசலிலேயே சாஷ்டாங்க நமஸ்காரம்! இரண்டாம் தடவை சொல்லி வைத்துக்கொண்டு ஏறினோம்: நான் இரண்டு காலும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, “ம்” என்ற பிறகுதான் அவர் ஏற வேண்டும். ஆடவில்லை.

முதல் வண்டி தேடுகிற நண்பர்களே, எனக்குக் காசு கொடுத்துக் கிடைத்த ஞானத்தை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். உட்கார்ந்து இரண்டு பாதமும் ஊன்றுகிறதா பாருங்கள். தள்ளிப் பாருங்கள். குறுகலான தெருவில் மெதுவாக ஒரு யூ டர்ன் போடுங்கள். நேர் ரோட்டில் எல்லா வண்டியும் தங்கக் கம்பிதான். உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஷோரூம் விலையோடு இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இரண்டு நல்ல ஹெல்மெட் எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். கடைசியாக, பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று யோசியுங்கள். அவரையும் கூட்டிப் போய் ஏற்றிப் பாருங்கள். யாரும் இல்லையென்றால், மைசூருக்குப் போக வேண்டியதில்லை, பாபர் உங்களுக்காகவே காத்திருக்கிறது.

முன் பணம் கட்டினது மீட்டியாருக்கு. சாய்மானம் வைத்த வகை. கேஷ் செக்‌ஷன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வண்டி வந்த அன்று முதல் சவாரி அப்பாவோடு, கண் ஆஸ்பத்திரிக்கு. நான் குள்ளம், பின் ஸீட் உயரம். என் ஹெல்மெட்டுக்கு மேலே அவருக்கு ரோடு முழுசாகத் தெரிந்தது. தெருமுனை திரும்பினதும் முதுகைத் தட்டினார்.

“ரெண்டு பக்கமும் நீ பாத்துக்கோ. நேரே நான் பாத்துக்கறேன்.”

பத்தடி போயிருக்க மாட்டோம். “டேய்... ஸ்பீட் பிரேக்கர்!”